பல்கலைக்கழகம் மக்களோடு பேசிய வரலாறு

நம் பாட்டனார் தலைமுறையினர் 'சர்வகலாசாலை' என்று எழுதினர். அவர்க்குப் பின் வந்தோர் அதனைப் 'பல்கலைக்கழகம்' என்றனர். எல்லாக் கலைகளும் பயிலும் இடம் என்பதே இவ்விரு சொற்களின் கருத்து. ஆயின், ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'யூனிவர்சிட்டி' என்னும் சொல்லின் வரலாறு வேறு. 'யூனிவர்சிட்டாஸ்' என்னும் இலத்தீன் சொல், ஒரு தொழிலைச் செய்வோர் தம் உரிமைகளைக் காத்துக்கொள்ள அமைத்த கூட்டமைப்பை இடைக்காலத்தில் குறித்தது. தச்சர்க்கும் நெசவாளர்க்கும் கூட்டமைப்பு இருந்தது போல, ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒன்று இருந்தது. தமிழ்ச் சொல்லில் கலைகள் உள. இலத்தீன் சொல்லில் கற்போரும் கற்பிப்போரும் உளர். மதிலுக்கு வெளியே நிற்கும் பொதுமக்கள் இரண்டிலும் இல்லை.

அம்மக்கள் எப்போது பல்கலைக்கழகத்தின் நினைவுக்கு வந்தனர்? அவர்களோடு அது எவ்வாறு பேசத் தொடங்கியது? இவ்வினாக்கள் இன்று புதிய முதன்மை பெற்றுள்ளன. நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இக்காலத்தில் முகநூலிலும், இன்ஸ்டாகிராமிலும், யூடியூபிலும் தமக்கெனப் பக்கங்கள் வைத்துள்ளன. 'சமூகப் பொறுப்பு' என்னும் தலைப்பில் மரம் நட்டமை, குருதிக் கொடை அளித்தமை, சிற்றூரைத் தத்தெடுத்தமை முதலிய செய்திகளை அவற்றில் வெளியிடுகின்றன. இச்செய்திகளை எவ்வாறு மதிப்பிடுவது என்று அறிய வேண்டுமாயின், இதற்கு முன்னர்ப் பல்கலைக்கழகங்கள் மக்களிடம் சென்ற வழிகளைத் திரும்பிப் பார்த்தல் நன்று. அவ்வரலாறு ஏறத்தாழ 150 ஆண்டுக் காலத்தது.

இங்கிலாந்தில் தொடங்குவோம். 1867ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் இளைஞர், வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பெண்களுக்காகத் தொடர் விரிவுரைகள் ஆற்ற அழைக்கப்பட்டார். அந்நாளில் கேம்பிரிட்ஜில் பெண்கள் பயில இயலாது. விரிவுரையைக் கேட்ட பின்னர் வினாவும் விடையும் நிகழ வேண்டுமன்றோ? ஆயின், இளைஞர் ஒருவர் இளம்பெண்களை நேருக்கு நேர் வினவுதல் தகாது என்று அக்காலத்தோர் கருதினர். ஸ்டூவர்ட் ஒரு வழி கண்டார். வினாக்களைத் தாளில் அச்சிட்டு வழங்கினார். பெண்கள் தம் இல்லங்களில் அமர்ந்து விடை எழுதி அஞ்சலில் அனுப்பினர். அவர் அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். இன்றைய அஞ்சல்வழிக் கல்வியின் முன்னோடிகளுள் ஒன்று இவ்வாறு ஒரு சமூகத் தடையிலிருந்து பிறந்தது.

அவர் அடுத்துச் சென்ற இடங்களுள் ஒன்று ராச்டேல். கூட்டுறவு இயக்கத்தின் தாயகம் என்று உலகம் போற்றும் ஊர் அது. அங்கு 1844இல் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் கூடித் தம் கூட்டுறவுக் கடையைத் தொடங்கியிருந்தனர். அக்கூட்டுறவாளர்க்கு ஸ்டூவர்ட் விரிவுரை ஆற்றினார். ஒரு நாள் விரைந்து புறப்பட வேண்டியிருந்தமையால், சுவரில் மாட்டிய விளக்கப் படங்களை அடுத்த வாரம் வரை அப்படியே விட்டுவைக்குமாறு மண்டபக் காவலரிடம் சொல்லிச் சென்றார். மறு வாரம் அவர் வந்தபோது காவலர் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி கூறினார். இடையில் உறுப்பினர் கூட்டம் ஒன்று அதே மண்டபத்தில் நடந்தது; வந்தோர் படங்களைப் பார்த்துத் தமக்குள் விவாதித்தனர்; கேட்க வேண்டிய ஐயங்கள் பல அவர்களிடம் உள்ளன; ஆதலின் விரிவுரைக்குச் சற்று முன்னதாகவே வந்து காத்திருப்பர் என்பது அச்செய்தி. அன்று முதல் விரிவுரையோடு கலந்துரையாடல் வகுப்பும் இணைந்தது. படங்களை மாட்டியவர் பேராசான். அவற்றைப் பயனுறச் செய்தவர் தொழிலாளர்.

ஸ்டூவர்ட்டின் வேண்டுகோளை ஏற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873ஆம் ஆண்டில் நாட்டிங்காம், டெர்பி, லெஸ்டர் ஆகிய நகரங்களில் விரிவுரைத் திட்டத்தை முறையாகத் தொடங்கியது. 'பல்கலைக்கழக விரிவாக்கம்' என்று அதற்குப் பெயர். நாட்டிங்காம் மக்கள் அவ்விரிவுரைகளோடு நிறைவு கொள்ளவில்லை. 1881இல் தம் நகரிலேயே ஒரு கல்லூரியை எழுப்பினர். அது 1948இல் முழுப் பல்கலைக்கழகம் ஆயிற்று. விருந்தினராக வந்த கல்வி அந்நகரின் குடியாகவே மாறிவிட்டது எனலாம்.

இனி அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்தைக் காண்போம். பால் வளம் மிக்க மாநிலம் அது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், அங்குப் பாலை எடையின்படியே விலைக்குக் கொண்டனர். கொழுப்பு மிக்க பாலுக்கும் நீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை. நேர்மையாளன் இழப்புற்றான், வஞ்சகன் ஊதியம் பெற்றான். 1890ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து வேதியியல் அறிஞர் ஸ்டீபன் பாப்காக், பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் முறை ஒன்றைக் கண்டறிந்தார். பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்து, அளவுக் கோடிட்ட குப்பியில் இட்டுச் சுழற்றினால் கொழுப்பு மேலே வந்து நிற்கும். சிற்றூர் வெண்ணெய்ப் பண்ணையிலும் இதனைச் செய்துவிடலாம். இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. ஆய்வு நிலையத்தின் வெளியீட்டின் வாயிலாக எல்லோர்க்கும் பொதுவாக்கினார். அம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது.

பின்னர், 1903 முதல் 1918 வரை அப்பல்கலைக்கழகத்தின் தலைவராய் விளங்கிய சார்ல்ஸ் வான் ஹைஸ், தம் நிறுவனத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்று சேரும் வரை தாம் ஓய்வு கொள்ளப் போவதில்லை என்னும் கருத்தை வலியுறுத்தினார். 'விஸ்கான்சின் கொள்கை' என்று உலகோர் அதனைக் குறிப்பிடுவர். அக்கொள்கைக்கு வானொலி துணை செய்தது. அப்பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் எர்ல் டெர்ரியும் அவருடைய மாணவர்களும் தம் ஆய்வுக்கூடத்திலிருந்து வானிலை அறிவிப்புகளை முதலில் தந்திக் குறியீட்டிலும், 1920களின் தொடக்கத்தில் மனிதக் குரலிலும் பரப்பினர். சந்தை விலைகளும் உடன் சென்றன. நாளை மழை வருமா, வைக்கோலை உலர்த்தலாமா என்பது உழவன் வினா. பல்கலைக்கழகம் அவ்வினாவுக்கு விடை கூறிற்று. தன்னைப் பற்றி அது கூறியது சிறிது. உழவனுக்கு வேண்டியதைக் கூறியது பெரிது.

நம் நாட்டு நிலை யாது? கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் தோன்றின. அவை தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் அளிக்கும் அமைப்புகளாகவே இருந்தன. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அவற்றின் மொழி ஆங்கிலம். பட்டம் பெற்றவர் தம் ஊருக்குத் திரும்பி, தாம் கற்ற இயற்பியலைத் தம் தாய்க்குச் சொல்ல விரும்பினும் சொற்கள் கிடைக்கவில்லை. பிற நாடுகளில் பல்கலைக்கழகத்துக்கும் மக்களுக்கும் இடையே நின்றது மதில் ஒன்றே. இங்கோ மதிலோடு மொழியும் நின்றது.

இத்தடையை நீக்க முயன்றவற்றுள் ஐதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் குறிப்பிடத் தக்கது. 1918இல் தோன்றிய அந்நிறுவனம், உயர்கல்வி முழுவதையும் உருது மொழியில் கற்பிக்க முனைந்தது. அதற்கென 1917இலேயே ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் அமைக்கப்பட்டது. மருத்துவம், பொறியியல், சட்டம், வரலாறு முதலிய துறை நூல்களை அறிஞர் பலர் கூடி உருதுவில் ஆக்கினர், கலைச்சொற்களையும் வகுத்தனர். அம்மாநிலத்து மக்களுள் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியோர் ஆதலின், அம்முயற்சியால் எல்லா மக்களும் பயனுற்றனர் என்று கூற இயலாது. எனினும், ஓர் இந்திய மொழியில் உயர்ந்த அறிவியலைக் கூறலாம் என்பதை அது செய்து காட்டியது.

வங்கத்தில் வேறொரு வழி தோன்றியது. இரவீந்திரநாத் தாகூர் 1921இல் விசுவபாரதியை நிறுவினார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், அருகிலுள்ள சுருல் என்னும் சிற்றூரில் ஊரக மறுமலர்ச்சிக்கென ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் ஸ்ரீநிகேதன் என்று பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் தலைவர் லியோனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். அச்சிற்றூர்களின் பகைவர் மூவர் என்று அவர் கண்டார்: பயிரை அழிக்கும் குரங்குகள், உடலை அழிக்கும் மலேரியா, ஊரை அழிக்கும் பரஸ்பர அவநம்பிக்கை. மூன்றாவது பகையே வலியது என்பதை அங்குப் பணியாற்றியோர் விரைவில் உணர்ந்தனர். நகரத்திலிருந்து வந்து அறிவுரை கூறுவோரை ஊரார் நம்பவில்லை. நம்புதற்குக் காரணமும் இல்லை. வரி தண்டவும் கடன் கேட்கவும் வந்தோரையே அவர்கள் அதுவரை கண்டிருந்தனர்.

ஆதலின், பேச்சுக்கு முன்னர்ச் செயல் வந்தது. மாணவர்கள் தம் கைகளாலேயே நிலத்தை உழுதனர். தம் கழிவுகளைத் தாமே அகற்றி எருவாக்கினர். தோட்டி வேலை என்று உயர்சாதியார் ஒதுக்கியதை அவர்கள் கையால் செய்தமை, நூறு சொற்பொழிவுகளினும் உரக்கப் பேசிற்று. காளிமோகன் கோஷ் என்னும் பெருந்தொண்டர் ஊர் ஊராகச் சென்று மக்களோடு பழகினார். ஊர்ச் சிறுவர்களைக் கொண்ட தொண்டர் படை அமைந்தது. குட்டைகளைத் தூர்த்தலும் மலேரியாவைத் தடுத்தலும் அதன் பணிகளாயின. கூட்டுறவு முறையில் சுகாதாரச் சங்கங்களும் தோன்றின. 1937இல் தாகூர் 'விசுவ பரிசயம்' என்னும் அறிவியல் நூலைத் தம் தாய்மொழியில் எழுதினார். அணுவையும் விண்மீனையும் எளிய வங்காளியில் விளக்கும் அந்நூலை இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்கு உரிமையாக்கினார். கவிஞர் எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னர் இதனைச் செய்தார் என்பது எண்ணத் தக்கது.

தென்னாட்டில் மைசூர் நமக்கு மிக அண்மையது. வானொலி நேயர்களாகிய நமக்கு உறவும் உடையது. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர். பின்னர் 1950களில் அனைத்திந்திய வானொலி ஏற்றுக்கொண்ட பெயரும் அதுவே. நாடெங்கும் ஒலித்த ஒரு பெயர், பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் வீட்டில் முதலில் ஒலித்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

அதே மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1956 முதல் 1960 வரை கன்னட மகாகவி குவெம்பு பணியாற்றினார். அறிவியலைத் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதி மிக்கவர். அப்பல்கலைக்கழகத்தின் 'பிரசாராங்கம்' என்னும் பிரிவு, எளிய கன்னட நூல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டும், ஊர்களில் விரிவுரைகள் நடத்தியும் வந்தது. ஸ்ரீநிகேதன் கையால் பேசியது எனின், மைசூர் நாவால் பேசியது. இரண்டும் மக்களுக்கு விளங்கின.

விடுதலைக்குப் பின்னர், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தாமே முன்வந்து செய்யும் சமூகத் தொண்டைப் பரிந்துரைத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. கொணாரக் கோயிலின் தேர்ச்சக்கரத்தை அடிப்படையாகக் கொண்டது அதன் சின்னம். 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் குறிக்கோள் உரை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவ்வுரையில் சொல் வரிசையே பொருளாக நிற்பது வியப்பளிப்பதுண்டு. முதலில் 'நான்' விலக வேண்டும். பின்னரே 'நீ' புலப்படுவாய். இக்குறிக்கோளைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அதே 1969இல் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரையரே, சிலி நாட்டில் வாழ்ந்தபோது எழுதிய ஒரு நூலில் அடிப்படையான ஐயம் ஒன்றை எழுப்பினார். வேளாண் அறிஞர் உழவரிடம் செல்வதை 'விரிவாக்கம்' என்கின்றனர். அறிந்தவன் கையை நீட்டி அறியாதவனிடம் ஒன்றை வைப்பது போன்றதோ அது? அல்லது இருவரும் கூடி ஒன்றை அறிவதோ? பின்னதே உண்மையான தொடர்பு என்பது அவர் முடிவு. ராச்டேல் மண்டபத்தில் தொழிலாளர் முன்னதாக வந்து காத்திருந்தனரே, அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வுண்மையை நடத்திக் காட்டினர்.

1977இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆராய்தல் என்னும் இரண்டோடு விரிவாக்கத்தையும் மூன்றாவது கடமையாக ஏற்றது. 1984 ஆகஸ்டு 15 முதல் 'நாடுதழுவிய வகுப்பறை' என்னும் நிகழ்ச்சி, செயற்கைக் கோளின் துணையோடு தூரதர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. சிற்றூர்க் கல்லூரி மாணவனும் சிறந்த ஆசிரியரைக் காணும் வாய்ப்பு அதனால் விளைந்தது. ஆயின், ஆங்கிலத்தில் அமைந்தமையால், யாருக்கு அது மிகவும் வேண்டுமோ அவர்க்கே எட்டாமல் நின்ற நாட்களும் பல. கேட்டவர் திருப்பிக் கேட்கவும் வழியில்லை.

இந்நிலையில் 2004ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதம் வந்தது. அம்மாதம் 1ஆம் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' என்னும் சமுதாய வானொலி தொடங்கிற்று. அலைக்கற்றைகள் பொதுமக்களின் உடைமை என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பும், கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று 2002 இறுதியில் மத்திய அரசு வகுத்த கொள்கையும் அதற்கு வழி திறந்தன. நாட்டில் கல்வி வளாகத்தில் எழுந்த முதல் சமுதாய வானொலி அது. சில கிலோமீட்டர் தொலைவு வரையே அதன் குரல் கேட்கும். ஆயினும், அச்சிறு வட்டத்தில் வாழும் குடிசைப் பகுதிப் பெண்கள் அந்நிகழ்ச்சிகளில் பங்கு கொண்டனர்; உடல்நலம், குடிநீர், குழந்தை வளர்ப்பு முதலியன அவர்கள் பேச்சு மொழியிலேயே ஒலித்தன.

மூன்று நாள் கழிந்தது. பிப்ரவரி 4ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில் ஒரு மாணவர் முகநூலைத் தொடங்கினார். முதலில் அப்பல்கலைக்கழக மாணவர்க்கு மட்டுமே அதில் இடம். 2006இல் அது எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஒரே வாரத்தில் இரு கண்டங்களில், இரு பல்கலைக்கழக வளாகங்களில் இரு கருவிகள் பிறந்தன. ஒன்று சில கிலோமீட்டர் சென்று அயலாரைத் தேடியது. மற்றொன்று உலகையே சுற்றி வந்தது. ஆனால் தன் முகத்தைப் பிறர்க்குக் காட்டும் ஆவலை ஒவ்வொருவர்க்கும் ஊட்டியது. பல்கலைக்கழகங்களும் அவ்வாவலுக்கு விலக்காகவில்லை.

இதற்குக் காரணம் அவற்றின் செருக்கு மட்டுமே என்று கூறுதல் நேர்மை ஆகாது. அளவிடுவோர் பெருகினர். ஐக்கிய நாடுகள் அவை 2015இல் 17 வளர்ச்சிக் குறிக்கோள்களை வகுத்தது. அவற்றை அடிப்படையாகக் கொண்டு பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியலை 2019இல் இலண்டனிலிருந்து வரும் டைம்ஸ் உயர்கல்வி இதழ் வெளியிடத் தொடங்கிற்று. நம் நாட்டின் தேசிய மதிப்பீட்டுக் குழுவும் விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் வழங்குகிறது. இடக்குறிப்போடு கூடிய ஒளிப்படங்கள் சான்றாகக் கேட்கப்படுகின்றன. 2019 ஜூலையில், அந்நாளைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஒரு மடல் எழுதிற்று. சமூக ஊடகப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல், வாரந்தோறும் ஒரு நற்செய்தியேனும் வெளியிடுதல், மாணவர்களின் கணக்குகளையும் நிறுவனக் கணக்கோடு இணைத்தல் ஆகியன அதில் கூறப்பட்டன. மாணவர் கணக்கைக் கண்காணிக்கும் முயற்சியோ இது என்று எதிர்ப்பு எழுந்தபோது, இணைத்தல் கட்டாயமன்று என்று அமைச்சகம் விளக்கிற்று.

சான்று காட்டுதல் குற்றமன்று. மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குக் காட்டவே வேண்டும். ஆயின், சான்றுக்காகவே செயல் நிகழத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே வினா. சமூக ஊடகப் பக்கங்களில் வழக்கமாகக் காணும் ஒரு படத்தை நினைவிற் கொள்ளுங்கள். நடுவே பதாகை, அதில் துறையின் பெயரும் சிறப்பு விருந்தினர் பெயரும் பெரிய எழுத்தில். ஒரு கன்றை எட்டுப் பேர் கைதொட்டு நடுகின்றனர். சிற்றூர் மக்கள் எங்கே? ஓரத்தில் நிற்பர், அல்லது நாற்காலிகளில் முதுகு காட்டி அமர்ந்திருப்பர். அவர்களுள் ஒருவர் பெயரும் கீழே இராது. அவர்கள் என்ன கேட்டனர் என்பதும் இராது. அடுத்த கோடையில் அக்கன்று உயிரோடிருந்ததா என்பதைக் கூறும் செய்தி மிக அரிது. 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் குறிக்கோள் ஒளிப்படத்தில் தலைகீழாகி நிற்கிறது.

இதே கருவி நன்றாகவும் பயன்பட்டதுண்டு. 2020 ஜனவரி 22ஆம் நாள், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னர் என்னும் பொறியியல் பேராசிரியரும் அவருடைய மாணவரும் கொரோனாத் தொற்றின் எண்ணிக்கையைக் காட்டும் உலகப் படத்தை இணையத்தில் வெளியிட்டனர். அரசுகளும் செய்தித்தாள்களும் பொதுமக்களும் அதனை நாடினர். 2023 மார்ச்சு வரை அது தொடர்ந்தது. தம் சமூகப் பொறுப்பைப் பற்றி அதில் அவர்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டியிருக்கவில்லை. நம் நாட்டிலும் 2020இல் பல ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளர் தாமே முன்வந்து ஒரு குழுவாகக் கூடினர். வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எவ்வாறு பிழையானவை என்பதைப் பல இந்திய மொழிகளில் விளக்கினர். மக்கள் ஐயத்திலிருந்து தொடங்கியமையாலும், மக்கள் மொழியில் பேசியமையாலும் அப்பணி பயன் விளைத்தது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று அளவுகோல்களை நாம் பெறலாம். செயல் சொல்லுக்கு முன் நின்றதா என்பது ஒன்று; ஸ்ரீநிகேதன் அதற்குச் சான்று. கேட்டவர் வினா திரும்பி வந்ததா, அதற்கு விடை கிடைத்ததா என்பது இரண்டாவது. ராச்டேல் அதற்குச் சான்று. கேட்பவர் மொழியில் பேசப்பட்டதா என்பது மூன்றாவது. மைசூர் அதற்குச் சான்று. சமூக ஊடகத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத மறுமொழிப் பெட்டி அதில் உள்ளது. கேட்டவுடன் திருப்பிக் கேட்கலாம். ஸ்டூவர்ட் அஞ்சலில் வாரக்கணக்கில் காத்திருந்து பெற்றதை இன்று ஒரு நொடியில் பெறலாம். அப்பெட்டியில் பொதுமகன் எழுதிய ஐயத்துக்கு விடை அளிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை அறிய அதனினும் எளிய வழி இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட தொடர்பு உண்டு. மும்பையின் தாராவியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கலினாவில் மும்பைப் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. பெங்களூரின் அல்சூரிலும், டெல்லியின் கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியுள்ளன. நாம் வாங்கும் சோப்பிலும் சட்டைத் துணியிலும் அரசுக்கு வரி செல்கிறது. அவ்வரியின் ஒரு பகுதி அந்நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கும் செல்கிறது. எனினும், 'அது அவர்கள் மாநிலத்துக் கல்விச்சாலை. நம் பிள்ளைக்கு இடம் வேண்டுமாயின் மட்டும் அங்குச் செல்வோம்' என்று நம்மில் பலர் ஒதுங்கியிருக்கின்றனர். பல்கலைக்கழகத்தின் அயலார் யார் என்னும் பட்டியலில், வந்து குடியேறிய தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் விடுபட்டே போகிறது. அவன் மொழி வேறு என்பதே அதற்குக் காரணமாகவும் சொல்லப்படும்.

அப்பட்டியலில் நம் பெயரை நாமே எழுதுவிக்க வேண்டும். அதற்கு வழிகள் உள்ளன. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் தன் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறது. ஆய்வுக்கூடங்களைப் பார்த்து, ஆராய்வோரிடமே வினவலாம். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009இல் 'தேநீரும் ஏனும்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு பொதுச் சொற்பொழிவு வரிசையைத் தொடங்கினர். கேட்போர் இடையிட்டு வினவுதல் அதன் இயல்பு. இத்தகைய இடங்களுக்கு நம் தமிழ்ச் சங்கங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் செல்லலாம். சங்க ஆண்டு விழாவுக்கு உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவரை அழைத்து, மாலையிட்டு அனுப்பாமல், ஒரு மணி நேரம் நம் வினாக்களுக்கு விடை கூறுமாறு வேண்டலாம். அவர் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ பேசுவதைத் தமிழாக்கிச் சொல்ல நம்முள் படித்தவர் பலர் உளர்.

அன்பர்களே, உங்கள் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் பக்கம் உங்கள் கைப்பேசியிலேயே உள்ளது. அங்கு வெளியாகும் ஒளிப்படங்களைப் பார்த்துச் செல்வதோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் தெருக் குழாயின் நீரைச் சோதித்துத் தர இயலுமா, கல்லூரியில் சேரவிருக்கும் எங்கள் பெண்ணுக்கு உதவித்தொகை உண்டா, எங்கள் மொழியில் ஓர் அறிவிப்பு வெளியிடுவீர்களா என்று எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் விடை வாராதிருக்கலாம். தெருவார் கூடிக் கேட்டால் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ராச்டேல் தொழிலாளர் தம் ஐயங்களோடு முன்னதாகச் சென்று மண்டபத்தில் அமர்ந்தனர். அதன் பின்னரே கேம்பிரிட்ஜ் அவர்களுக்கு விடை கூறக் கற்றது.